அடைக்குக் கேட்ட கோழி

என் சமையலைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்வேன். என் வீட்டுக்காரரைக் குறை சொல்லுங்கள், கூடச் சேர்ந்து நானும் இரண்டு வார்த்தை சொல்வேன். என் கோழிகளைச் சொன்னால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

அவை நாட்டுக்கோழியும் இல்லை, பிராய்லரும் இல்லை. எங்கள் நைனார்பாளையம் பக்கத்தில் 'கிராஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தாய்வழி, மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் வண்டியில் வாங்கிய கறிக்கோழிக் குஞ்சுகள். தகப்பன்வழி, கல்வராயன் மலையிலிருந்து வந்த சேவல். என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒருமுறை வெள்ளிமலையில் சிமெண்டு இறக்கிவிட்டுத் திரும்பும்போது இந்தச் சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் காலியாகக் கிடந்த வண்டியில் போடாமல், முன் சீட்டில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அந்த இடத்தில் என்னை உட்காரவைத்து எங்காவது அழைத்துப்போய் வருஷக்கணக்காகிறது.

"வழி பூரா பேசாம வந்துச்சு, தெரியுமா?" என்றார் இறங்கும்போது.

"அதான் புடிச்சுப் போச்சா உங்களுக்கு?" என்றேன்.

பிடிக்கத்தான் செய்தது, எனக்கும். நெடுநெடுவென்று கால், கழுத்தில் செம்பட்டை, யாரையும் மதிக்காத பார்வை. வாசலில் விட்டதும் என் வெள்ளைக் கறிக்கோழிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. அந்தக் கோழிகள் தொடையைத் தூக்க முடியாமல் தூக்கி, அசைந்து அசைந்து நடப்பவை. தீனித் தட்டு இருந்தால் உலகமே மறந்துபோகும். பருந்து நிழல் விழுந்தால் நாட்டுக்கோழி புதருக்குள் பாயும். என் கோழிகள் நின்று அண்ணாந்து பார்க்கும். இதுகளையும் மலைச்சேவலையும் சேர்த்தால் தாயின் நெஞ்சுக்கறியும் தகப்பனின் காலும் புத்தியும் உள்ள குஞ்சு வரும் என்பது என் கணக்கு. கால் வந்தது, கறி வந்தது. புத்தி விஷயத்தில் பெரும்பாலும் தாயைக் கொண்டன.

அதனாலேயே எனக்கு அவற்றின்மேல் அத்தனை பிரியம். குட்டியானைச் சத்தம் தெரு முனையில் கேட்டதும் எல்லாம் ஓடும். வண்டியிலிருந்து மக்காச்சோளம் சிந்தும் என்று அவற்றுக்குத் தெரியும். ஓடுகிற வேகத்தில் நிற்கத் தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று மோதும். ஒரு பெட்டை நான் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால் வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கால் மரத்துப்போகும், எழுப்ப மனம் வராது. இதையெல்லாம் சொல்லிவிட்டு இதுகளைச் சாப்பிடுகிறாயா என்று கேட்பார்கள். சாப்பிடுகிறேன். கறிக்குத்தான் வளர்க்கிறேன். அறுப்பது மட்டும் என் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் எனக்குக் கிணற்றடியில் ஏதாவது வேலை இருக்கும்.

ஒரே ஒரு குறை. இந்தக் கோழிகள் அடை உட்காராது. பண்ணைக்காரர்கள் எந்தத் தலைமுறையிலோ அந்த எண்ணத்தையே இவற்றின் மண்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முட்டை போடும், கொக்கரிக்கும், எழுந்து போய்விடும். தன் முட்டையைத் தானே மிதித்துக்கொண்டு தீனிக்கு ஓடும். குஞ்சு வேண்டுமென்றால் நாட்டுக்கோழி ஒன்று வந்து உட்கார வேண்டும். அதற்கு நான் போக வேண்டிய இடம் சுவருக்கு அந்தப்புறம்.

அந்தப்புறம் இருப்பது என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்பேன். ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்தபோது வாசலின் குறுக்கே மார்பளவுக்கு ஹாலோபிளாக் சுவர் எழுப்பினார்கள். கிணறு மட்டும் பொது. சுவர் வந்தபிறகு எங்களுக்குள் பிரியம் கூடியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரே அடுப்பில் நின்றபோது முறைத்துக்கொண்டோம். சுவர்மேல் கையூன்றிப் பேச ஆரம்பித்ததும் ஒட்டிக்கொண்டோம். அக்காவுக்குத் தன் நாக்கின்மேல் நம்பிக்கை கிடையாது. விருந்தாளி வருகிறார்கள் என்றால் குழம்பு கொதிக்கும்போது சுவருக்கு மேலாக ஒரு குரல் வரும். "ஏய், வாடி. வந்து உப்பு பாரு." நான் போட்டது போட்டபடி போவேன். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். நான் சரி என்றால்தான் இறக்குவாள். பெரிய பெரிய விசேஷமெல்லாம் என் நாக்கைக் கேட்டுத்தான் நடந்தது.

என்னுடைய முதல் ஈடு குஞ்சுகளும் அக்கா கொடுத்த அடைகோழியில்தான் பொரித்தன. எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. முட்டை ஒருவருடையது, அடைகோழி இன்னொருவருடையது என்றால் தேறுகிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. கோழிக்காரிதான் முதலில் பொறுக்குவாள். பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவாள். அதில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

அந்த ஈட்டுச் சேவல்கள் பெரிதாகி நின்ற சமயத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. புது மாப்பிள்ளை முதல் விருந்துக்கு வருகிறார். மணலூர்பேட்டையிலிருந்து அவர் அம்மாவும் சொந்தக்காரர்களும் கூட வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு வீட்டில் வளர்ந்த கோழிதான் அடிக்க வேண்டும். கடையில் பிராய்லர் வாங்கிப் போட்டால், உன்னை நாங்கள் மதிக்கவில்லை என்று அர்த்தம். அக்காவின் நாட்டுக்கோழிகள் புறா அளவில் நின்றன. பந்திக்குக் காணாது. "உன் சேவல்ல ரெண்டு குடுடி, பாக்க நல்லா இருக்குது" என்றாள். பெருமையாக இருந்தது எனக்கு. "நாட்டுக்கோழி மாரியே இருக்கும்க்கா" என்று நானே பிடித்துக் கொடுத்தேன்.

அக்கா அதை நாட்டுக்கோழி வேகவைக்கிற மாதிரி வேகவைத்தாள். மசாலா அரைத்து ஊற்றி, விறகை நன்றாகத் தள்ளி, தட்டைப் போட்டு மூடி, இன்னும் வேகட்டும் இன்னும் வேகட்டும் என்று விட்டாள். நான் வந்து உப்புப் பார்த்துவிட்டுப் போனேன். உப்பு சரியாக இருந்தது. கறி எலும்பைவிட்டுக் கழன்று குழம்பில் மிதக்கப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தக் கோழியைக் குழம்பு வைப்பது ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளையின் அம்மா இலையில் ஒரு துண்டை எடுத்தார். அது இரண்டாக விட்டது. சிரித்த முகமாகத்தான் கேட்டார். "பிராய்லருங்களா சம்பந்தி? பரவால்ல, பரவால்ல. நாங்க அதும் சாப்புடுவோம்."

அந்தப் பரவால்ல அக்காவை என்ன செய்திருக்கும் என்று பரிமாறிக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது. அவர்கள் வண்டி ஏறும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள். வண்டி திரும்பியதும் சுவருக்கு வந்தாள்.

"நாட்டுக்கோழி மாரி இருக்கும்னு சொல்லித்தானே குடுத்த? என் மானத்த வாங்கிட்டியே. அது இன்னா கோழி? பஞ்சு. ஊதுனா பறக்குது."

என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். கோழியைச் சொன்னாள்.

"கோழிய சொல்லாதக்கா. ஆக்கத் தெரியாம ஆக்கிட்டு, கோழி மேல பழி போடாத" என்றேன்.

அவ்வளவுதான். அக்கா உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

பேசவில்லை என்றால் வாய் மூடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்காதீர்கள். குடத்திடம் பேசினாள். கயிற்றிடம் பேசினாள். "இந்தக் குடத்த எவ குறுக்க வச்சா?" என்று குடத்தையே கேட்டாள். நானும் சளைத்தவள் இல்லை. "தண்ணி மொண்டுக்கினு போறவங்க மொண்டுக்கினு போவட்டும்" என்று ராட்டினத்துக்குச் சொன்னேன். ஆண்கள் இருவரும் வழக்கம்போல் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து, எங்களைப் பற்றித் தலையாட்டிக்கொண்டார்கள். அவள் வீட்டில் விருந்து நடக்கும். மசாலா வாசனை சுவர் தாண்டி வரும். குரல் வராது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது. உப்புப் பார்க்க என்னைக் கூப்பிட மாட்டேன் என்கிறாளே, அதுதான் வலித்தது. அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நானே போய்ப் பேசலாம்தான். அதற்கு என் வாய் இடம் கொடுக்கவில்லை.

அடைகோழி இல்லாமல் முட்டைகள் சேர்ந்தன. என் வீட்டுக்காரர் தெர்மாகோல் பெட்டி வாங்கி, குண்டு பல்பு மாட்டி, செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு மிஷின் செய்தார். தூங்குகிற பிள்ளையை எட்டிப்பார்ப்பதுபோல் அதை எட்டி எட்டிப் பார்த்தார். ஒருநாள் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. எல்லாம் கூமுட்டை. பெட்டியைத் திறந்த நாற்றத்தில் மலைச்சேவலே கூரைமேல் ஏறிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் சின்னக் கறுப்புக்கோழி அடைக்கு வந்தது. கைக்குள் அடங்குகிற சிறுவிடை. ஆனால் அடைக்கு அதைப்போல் ஒரு கோழி கிடையாது. நெல் கொட்டினாலும் எழாது. குஞ்சு பொரிக்கிற முட்டைதான் இல்லை. அக்கா வீட்டுச் சேவலைக் கீரி பிடித்து வெகுநாளாகியிருந்தது. என் மலைச்சேவல் சுவர் ஏறினால் தென்னைமட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள். வெறும் தரையில் உட்கார்ந்து க்ளக் க்ளக் என்று சாபம் விட்டுக்கொண்டிருந்தது அந்தக் கோழி.

சுவருக்கு அந்தப்புறம் அக்கா அதனிடம் பேசுவது கேட்டது. நான் கேட்க வேண்டும் என்றே பேசினாள்.

"முட்டையே இல்லாம இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினு இருக்கிற? முட்டை வச்சிருக்கறவங்க பொட்டியில வச்சு வேக வச்சிக்கினு இருக்காங்க. நான் இன்னா பண்ணட்டும் உன்ன? தண்ணியில முக்கட்டுமா?"

அடை கலைய வேண்டுமென்றால் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள். எனக்குப் பதறியது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மலைச்சேவலைப் பார்த்து நான் உரக்கச் சொன்னேன்.

"பச்சப் புள்ள மாரி குந்தியிருக்கறத தண்ணியில முக்குவாங்களா யாராவது? முட்டை இங்க கூடை நெறைய இருக்குது. குடுக்கறவங்க குடுத்தா முறைப்படி பாதி குஞ்சு. நான் இன்னா வேணான்னா சொன்னேன்?"

சேவல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. மறுநாள் காலையில் சுவரோரம், என் பக்கத்தில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. தூக்கினால் உள்ளே கறுப்புக்கோழி. என் கையை ஒரு கொத்துக் கொத்தியது. எனக்கு அத்தனை சந்தோஷம்.

கூடையில் உமி பரப்பி, பெரிய பெரிய முட்டைகளாகப் பொறுக்கி வைத்தேன். அடியில் ஒரு கரித்துண்டு, ஒரு பழைய ஆணி, இரண்டு காய்ந்த மிளகாய். இவை இருந்தால் இடிச் சத்தத்தில் முட்டை கெடாது என்பது எங்கள் வழக்கம். உண்மையா என்று கேட்காதீர்கள். வைக்காமல் விடுவதற்கு இங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, வீடே அதிர்கிற மாதிரி இடித்தது. மழையையும் மீறி அந்தப்புறத்திலிருந்து குரல் வந்தது. வானத்தைப் பார்த்துக் கத்துகிறாள்.

"கரித்துண்டு வச்சாங்களோ இல்லியோ!"

நான் கூடைமேல் சாக்கைப் போர்த்தியபடி கோழியிடம் கத்தினேன். "வச்சாச்சு! வச்சாச்சு!"

"மொளகா?"

"அதும் வச்சாச்சு!"

மூன்றாவது வாரம் முடிந்து குஞ்சுகள் பொரித்தன. கறுப்பு இறக்கைக்குள்ளிருந்து மஞ்சளும் செம்பட்டையுமாகத் தலைகள் வெளியே வந்தன. நான் குருணை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் கூடை காலி. பார்த்தால், கிணற்றடித் தண்ணீர் போக சுவரில் விட்டிருந்த ஓட்டை வழியாகக் கறுப்புக்கோழி தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குஞ்சுகள் வரிசையாகப் பின்னால். பாகம் பிரித்ததெல்லாம் அதற்குத் தெரியவில்லை. தன் வாசலுக்குப் போனது, அவ்வளவுதான். நான் கூப்பிட்டால் ஒரு குஞ்சுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகென்ன, உடைத்த மக்காச்சோளத்தை முறத்தில் எடுத்துக்கொண்டு தினமும் நான் அந்தப்புறம் போக வேண்டியதாயிற்று. முதல்நாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்து ஒருநாள் நான் போகும்போது தண்ணீர்க் கிண்ணம் கழுவி வைத்திருந்தது. வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கச் சொட்டு மருந்து வாங்கிவந்தபோது அவள் குஞ்சைப் பிடித்துத் தந்தாள், நான் கண்ணில் விட்டேன். ஒரு வார்த்தை இல்லாமல் அத்தனையும் முடிந்தது.

குஞ்சுகள் ஊதியதுபோல் வளர்ந்தன. சீக்கிரமே தாயைவிடப் பெரிதாகிவிட்டன. இருட்டினால் மட்டும் எல்லாமாகச் சேர்ந்து அந்தச் சின்னக் கோழியின் இறக்கைக்குள் தலையைச் செருகும். தலை உள்ளே, உடம்பெல்லாம் வெளியே. ஒருநாள் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டியதில் தாய்க்கோழி தரையைவிட்டு எழும்பி, கால் கீழே படாமல், குஞ்சுகளின் முதுகுமேல் உட்கார்ந்திருந்தது. அப்போதும் முகத்தில் அதே கண்டிப்பு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல், கோழியையே பார்த்துக்கொண்டு சிரித்து முடித்தோம்.

பங்கு பிரிக்கும் பருவம் வந்தது, போனது. நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிரித்துவிட்டால் முறத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போக எனக்கு வேலை இருக்காது. அக்காவும் எடுக்கவில்லை, கோழியிடம்கூட.

அதற்குள் அவள் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வருவதாகச் சொன்னார்கள். அதே மாப்பிள்ளை, அதே அம்மா. அக்காவிடம் இப்போது அடிக்கிற அளவுக்கு நாட்டுக்கோழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை அடித்தால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. என்னைக் கூப்பிடவும் வேண்டியதில்லை.

காலையில் அவள் குரல் கேட்டது. என் வீட்டுக்காரரைக் கோழி அடிக்கக் கூப்பிட்டாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவர் திரும்பி வந்து கை கழுவினார்.

"எத அடிச்சீங்க?"

"நீயே போய்ப் பாரு" என்றார். இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவருக்கு வாய் அடைத்துக்கொள்ளும்.

சுவர்மேல் எட்டிப் பார்த்தேன். நாட்டுக்கோழிகள் எல்லாம் மேய்ந்துகொண்டிருந்தன. என் குஞ்சுகளில் பெரியது, கழுத்தில் செம்பட்டையோடு அப்பனை உரித்துவைத்த மாதிரி இருந்த சேவல், அதைக் காணோம். கோழிக்காரி முதலில் பொறுக்கிவிட்டாள். எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது. திரும்பவும் வேகவைத்துக் கெடுத்துவிடப்போகிறாள், திரும்பவும் அந்தப் பரவால்ல வரப்போகிறது, அப்புறம் இந்தப் பிறவியில் எங்களுக்குப் பேச்சு கிடையாது என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். விறகுப் புகை எழும்பியது. மசாலா வாசனை வந்தது. போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அப்போது சுவருக்கு மேலாக வந்தது.

"ஏய்! அங்க இன்னாடி பண்ணிக்கினு இருக்கிற? வாடி. வந்து உப்பு பாரு."

சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது என் கோழிகள் மாதிரிதான் ஓடியிருப்பேன். அக்கா அடுப்படியில் கரண்டியோடு நின்றாள். நான் உப்புப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து விறகை வெளியே இழுத்தேன்.

"அதுக்குள்ளயா?" என்றாள்.

"போதும்க்கா. இது சீக்கிரம் வெந்துடும். மீதி சூட்டுலயே ஆயிடும்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதேக்கா. அப்புறம் வூட்ல ஆக்கி ஆக்கிக் கெடுத்துதான் தெரிஞ்சிக்கினேன்."

அக்கா கரண்டியால் குழம்பை மொண்டாள். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். நக்கிப் பார்த்தேன்.

"ஜாஸ்திக்கா."

"தெரியும்டி. ஒரு வருசமா எல்லாத்துக்கும் ஜாஸ்தியாத்தான் போவுது. அந்த உருளைக்கெழங்க அரிஞ்சு போடு, உப்ப இழுத்துக்கும்."

அரிவாள்மணை அதே இடத்தில்தான் இருந்தது. உட்கார்ந்து உருளைக்கிழங்கு அரிந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். வெங்காயம் இல்லாததால் சாக்குச் சொல்லவும் வழியில்லை. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தேங்காய் துருவினாள்.

இலை போட்டோம். நான் சோறு வைத்தேன், அக்கா குழம்பு ஊற்றினாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை எடுத்து, பிய்த்து, மென்றார். நான் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"இது இன்னா கோழிங்க சம்பந்தி?" என்று கேட்டார். "நாட்டுக்கோழி மாரியும் இருக்குது, ஆனா இத்தனி கறி இருக்குது. பிராய்லரும் இல்ல. எந்தூர்ல வாங்கினீங்க?"

அக்கா நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"வாங்கலீங்க" என்றாள். "எங்க ரெண்டு வூட்டுக் கோழிங்க."

பிறகு என்னிடம், "நின்னுக்கினே இருக்கிறியே, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையிடி" என்றாள். நான் வைத்தேன்.